இரவல் பலாப்பழம்

மூங்கில் காட்டில் பொட்டழகி என்றொரு சருகுமான் இருந்தாள். உருவம் முயல் அளவுதான். பயம் மட்டும் யானை அளவு! சருகு ஒன்று உதிர்ந்தாலும் நெஞ்சு படபடக்கும்.

அந்தக் கோடையில் அவளைப் பயமுறுத்தியது சிறுத்தையும் இல்லை, செந்நாயும் இல்லை. மலைமேல் இருந்த மூலிகைக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது! பௌர்ணமிக்குள் நூறு கூடை நெல்லிக்காய் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இடம் போய்விடும். அவள் வீட்டில் நூறு கூடை என்ன, ஒரு கூடைகூடக் கிடையாது.

இரண்டு கோடைக்கு முன் அவளுடைய அப்பாவைச் செந்நாய் கடித்துவிட்டது. காயத்துக்கு எந்த இலையை வைத்துக் கட்டுவது என்று அந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார். அன்றிலிருந்து பொட்டழகிக்கு ஒரே ஆசைதான். மூலிகை படிக்க வேண்டும்.

உதவி கேட்டு அவள் ஏறாத மேடு இல்லை. முள்ளம்பன்றிகளின் சங்கம், "முள் இருக்கிற பிள்ளைங்களுக்கு மட்டும்தான்!" என்று சொல்லிவிட்டது. குளத்து ஆமைகள் விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "நிதானமா பார்த்துட்டுச் சொல்றோம்" என்றன. அவை சொல்லி முடிப்பதற்குள் எத்தனை பௌர்ணமி போகுமோ!

மிஞ்சியது யானைக் கூட்டத்தின் கல்வி உதவி ஒன்றுதான். இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு முழுக் கட்டணத்தையும் யானைகளே கட்டிவிடும். பொட்டழகியும் அவளுடைய சிநேகிதன் நெட்டைக்காதன் என்ற முயலும் விண்ணப்பம் போட்டார்கள்.

ஆனால் அதிகாரி நேரில் வந்து வீட்டைப் பார்ப்பார். அந்த அதிகாரி ஓர் உடும்பு. பார்த்ததை இலையில் எழுதி, காலைச் செம்மண் குழம்பில் தோய்த்து முத்திரை குத்துவார். குத்திவிட்டால் யார் அழுதாலும் மாற்ற மாட்டார். உடும்புப்பிடி!

"அம்மா, நாளைக்குக் காலையில உடும்பு ஐயா நம்ம வீட்டுக்கு வர்றாராம்!"

அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மானுக்குக் கை ஏது? நாலு காலும் ஓடவில்லை.

பக்கத்து மரத்து மந்தி இறங்கி வந்தாள். "பெரிய ஆளு வர்றாரு! வெறுந்தரையில உட்கார வெச்சு என்னத்தைக் குடுப்பே? மானம் போயிடும்! என் மரத்துப் பலாப்பழம் ஒண்ணு தர்றேன். அவரு தின்னது போக மிச்சத்தைத் திருப்பிக் குடுத்துடு. முயல் வீட்டுக்கும் ஒண்ணு குடுத்திருக்கேன்."

அம்மா அதோடு நிற்கவில்லை. கரடி வீட்டில் தேன் வாங்கினாள். அணில் வீட்டில் கொட்டைகள் வாங்கினாள். எல்லாம் இரவல்.

"அம்மா, நமக்கு ஒண்ணும் இல்லேன்னுதானே விண்ணப்பத்துல எழுதியிருக்கேன்?"

"அதுக்காக? வீட்டுக்கு வந்தவரை வெறும் வயித்தோட அனுப்பச் சொல்றியா?"

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை! பொட்டழகிக்கு அன்று ஒரு வாய் இறங்கவில்லை.

மறுநாள் உடும்பு வந்தார். அம்மா விரித்து வைத்திருந்த புதுப் புல்லில் உட்கார்ந்தார். பலாச்சுளையை ஒவ்வொன்றாக விழுங்கினார். தேனை நக்கினார்.

"எல்லாம் உங்க வீட்டுதாம்மா?"

அம்மா தலையை நிமிர்த்திக்கொண்டாள். "ஆமாங்க ஐயா. ஏதோ எங்களால முடிஞ்சது."

உடும்பு இலையை எடுத்து எழுதத் தொடங்கினார். பொட்டழகி எட்டிப் பார்த்தாள். 'வசதியான வீடு' என்று எழுதியிருந்தது. சொன்னால் அம்மாவுக்குத் தலைகுனிவு. சொல்லாவிட்டால் படிப்பு போச்சு!

உடும்பு காலைச் செம்மண்ணில் தோய்த்தார். கால் இலைக்கு மேலே வந்துவிட்டது.

"ஐயா! அந்தப் பலாப்பழம் எங்களுது இல்லை!"

"சும்மா இருடி!" என்று அம்மா பதறினாள்.

உடும்பின் கால் அந்தரத்தில் நின்றது. "அப்போ உங்கம்மா சொன்னது பொய்யா? பொய் சொன்ன வீட்டுப் பேரை நான் அடிச்சுடுவேன், தெரியுமில்ல?"

சருகு உதிர்ந்தாலே பயப்படுகிறவள் பொட்டழகி. ஆனாலும் அவள் ஓடவில்லை. "பழம் மந்தி அக்காவுது, தேன் கரடி வீட்டுது ஐயா. நீங்க வர்றீங்கன்னு அம்மா இரவல் வாங்கினாங்க. நீங்க பசியோட போகக் கூடாதுன்னுதான்!"

"சரி. உங்க வீட்டுச் சாப்பாட்டைக் காட்டு."

அவள் புதருக்குப் பின்னால் போய் ஓர் இலைப்பொட்டலத்தைக் கொண்டுவந்தாள். உள்ளே இரண்டு அத்திப்பழம். ஒன்றில் பாதி பூச்சி அரித்திருந்தது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

உடும்பு அந்தப் பழத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுதிய இலையைக் கிழித்துப் போட்டார். புது இலையில், 'இல்லாத வீடு. முழு உதவி தரலாம்' என்று எழுதி முத்திரையைக் குத்தினார்.

பொட்டழகிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. உடும்பின் முகமோ வாடிப்போயிருந்தது.

"இங்கே வர்றதுக்கு முந்தி முயல் வீட்டுலயும் இதே ருசியில பலாச்சுளை தின்னேனே!" என்றார் அவர்.

"ஐயா, அதுவும் மந்தி அக்கா குடுத்ததுதான்! அவங்க எங்களைவிட இல்லாதவங்க!"

"வசதியான வீடுன்னு முத்திரை குத்திட்டேனேம்மா. இலையைக் கிளி யானைக் கூட்டத்துக்குத் தூக்கிட்டுப் போயிடுச்சு. இனி அடுத்த வருஷம்தான்."

பௌர்ணமியன்று பொட்டழகி மலைக்குக் கிளம்பினாள். நெட்டைக்காதன் அடிவாரம் வரை கூடவே வந்தான். பாதை பிரியும் இடத்தில் அவன் நின்றான்.

"எங்க வீட்டுப் பலாச்சுளை ரொம்ப ருசின்னு உடும்பு ஐயா சொன்னாராம். எங்கம்மா இன்னும் எல்லார்கிட்டயும் அதைப் பெருமையா சொல்லிட்டு இருக்காங்க" என்றான். பிறகு காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பினான்.

உதவி கேட்ட இடத்தில் இல்லாமையை மறைத்தால், கடைசியில் இல்லாமைதான் மிஞ்சும்.