ஒரு கேட்டும் இரண்டு பூட்டும்

ஒரு நகரத்தில் ஒரு மாநகராட்சிப் பூங்கா இருந்தது. அதன் இரும்புக் கேட்டில் ஒரு சங்கிலி. சங்கிலியின் ஒரு நுனியில் மாநகராட்சியின் பித்தளைப் பூட்டு. மறு நுனியில், அங்கே செடி நட வந்த தெருக்காரர்களின் எஃகுப் பூட்டு. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கைகோத்துத் தொங்கும். எதைத் திறந்தாலும் கேட் திறந்துவிடும்.

வார நாளில் தோட்டக்காரர் எத்திராஜ் பித்தளையைத் திறந்து தண்ணீர் லாரியை உள்ளே விடுவார். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவைச் சேர்ந்த பெனிட்டாவும் அவருடைய ஆட்களும் எஃகைத் திறந்து, குடம் குடமாக ஊற்றுவார்கள். இரண்டு தண்ணீரையும் குடித்துப் பூவரசங்கன்றுகள் துளிர்த்தன.

ஒருநாள் வழியில் போன ஒருவர் நின்று பார்த்தார். “பரவாயில்லையே! யாரு பார்க்குப்பா இது?”

“என்னோடது” என்றன இரண்டு பூட்டும்.

“உன்னோடதா?” பித்தளை சீறியது. “இடம் யாரோடது? மதில் யாரோடது? நேத்து வந்த பய நீ. போனாப் போகுதுன்னு தொங்க விட்டிருக்கேன்.”

“பெரிய இடம்! முள்ளும் உடைஞ்ச பாட்டிலும் கிடந்த இடம். சம்பளம் வாங்காம குனிஞ்சு பொறுக்கினது எங்க ஆளுங்க. நீ துருப்பிடிச்சுத் தூங்கிட்டிருந்தே.”

“அப்போ கையை விடுடா.”

“நீ முதல்ல விடு.”

சங்கிலி பித்தளையிடம் கெஞ்சியது. “பேருல பாதி உனக்கு, பாதி அவனுக்கு. சரிதானா? அதுவும் வேணாமா? முக்கால் நீ வச்சுக்கோ. கையை மட்டும் விடாதீங்கடா.” பேரம் படியவில்லை.

அன்று சாயங்காலம் கேட்டைச் சாத்தும்போது கைகள் பிரிந்தன. பித்தளை சங்கிலியின் இரண்டு நுனியையும் தானே கவ்விக்கொண்டது. எஃகும் அப்படியே கவ்வியது. முன்பு ஒன்று திறந்தால் போதும். இனி இரண்டும் திறந்தாக வேண்டும்.

கத்திரி வெயில் தொடங்கியது. லாரி வந்தது. எத்திராஜ் பித்தளையைத் திறந்தார். கேட் அசையவில்லை.

“இன்னொண்ணு யாருதுண்ணே?” டிரைவர் ஹாரனை அமுக்கினார்.

“பெனிட்டா மேடம்து. போனை எடுக்க மாட்டேங்கறாங்க.”

“உடைச்சிடுங்க.”

“உடைச்சா புகார் போகும். மெமோ எனக்குத்தானே வரும்? மதிலுக்கு மேல ஹோஸ் பைப்பைப் போடேன்.”

“எட்டாதுண்ணே. இன்னும் மூணு பார்க்கு இருக்கு. பூட்டைக் கொஞ்சிக்கிட்டு நிக்க முடியாது.”

லாரி கிளம்பியது. ஒழுகிய தண்ணீர் தார்ச்சாலையில் கோடு போட்டு, பார்த்திருக்கும்போதே காய்ந்தது.

“போகுதே, தண்ணி போகுதே!” ஒரு கன்று பதறியது. “அண்ணன்மாரே, என் வேர் இன்னும் ஆழம் போகலை. இந்த வெயிலைத் தாங்க மாட்டேன். யாராவது ஒருத்தர் கையை நீட்டுங்க.”

“அவனை நீட்டச் சொல்லு” என்றது பித்தளை.

“பெரியவன்னு பீத்திக்கிறானே, அவன் நீட்டட்டும்” என்றது எஃகு.

ஞாயிற்றுக்கிழமை பெனிட்டா குடங்களோடு வந்தார். எஃகு திறந்தது. பித்தளை திறக்கவில்லை. எத்திராஜுக்கு அன்று லீவு.

“வேணும்னேதான் பண்றாங்க அக்கா” என்றாள் கூட வந்தவள்.

“அப்போ அவங்களே ஊத்திக்கட்டும். நாம ஏன் கெஞ்சணும்?” பெனிட்டா குடத்தை ரோட்டிலேயே சாய்த்தார். தண்ணீர் சரிவில் சாக்கடையைத் தேடி ஓடியது.

கன்று கம்பி வழியே அதைப் பார்த்தது. இலைகளைச் சுருட்டிக்கொண்டது.

மறுபடி லாரி வந்தது, போனது. மறுபடி ஞாயிறு வந்தது, போனது. இரவிலும் சூடு இறங்கவில்லை. சங்கிலி மட்டும் தூங்காமல், உள்ளே இலை உதிரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தது. பிறகு அந்தச் சத்தமும் நின்றது.

ஒரு பிற்பகல், தெருவில் திரிந்த வெள்ளாடு ஒன்று கேட்டுக் கம்பிக்குள் மூக்கை நுழைத்தது. பூட்டுகள் இரண்டும் விறைத்துக்கொண்டன. ஆடு சற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தது.

“பார்த்தியா, என்னைக் கண்டு பயந்து போகுது” என்றது பித்தளை.

“உன்னையா? என்னைக் கண்டு” என்றது எஃகு.

சங்கிலி சொன்னது: “அது உங்க ரெண்டு பேரையும் பார்க்கவே இல்லைடா. உள்ளே தின்ன ஒரு இலை இருக்கான்னு பார்த்துச்சு.”