துண்டுக்குள் படிந்த பாலம்

முன்னொரு காலத்தில் ஆற்றின் இரு கரையையும் சேர்த்து ஆண்ட வில்லவராயர் என்றொரு ராஜா இருந்தார். மந்திரிகளைக் கிழக்கு வரிசை, மேற்கு வரிசை என்று எதிரெதிரே உட்காரவைத்து மோதவிடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. அன்றன்று ஜெயித்த வரிசைத் தலைவருக்குச் சால்வை. "கிழக்கு வென்றது, மேற்கு மண்ணைக் கவ்வியது" என்று கட்டியக்காரன் ஏகாம்பரம் கோட்டை வாசலில் கூவுவான். ஊரும் இரண்டாகப் பிரிந்து கைதட்டும்.

இந்தக் கூத்தில் நாசமாய்ப் போனது ஆற்றுப்பாலம். வெள்ளம் அடித்துப் போய் இரண்டு வருஷம். பத்துக் காலும் கல்லில்தான் என்றார் கிழக்கின் தலைவர் பொன்னம்பலராயர். பத்தும் மரத்தில்தான், கல் என்றால் நம் ஆயுசு போதாது என்றார் மேற்கின் தலைவர் தாண்டவனார். ஒரு கால்கூட எழவில்லை.

மாட்டுத் தரகன் கொம்பையனின் பெண்டாட்டி சீரங்காயி, அப்பனுக்கு மேலுக்கு முடியவில்லை என்று அக்கரை போனவள். அந்த வாரமே பாலம் போயிற்று. ஆற்றுச் சுழலில் பரிசல் நிற்காது. கொம்பையன் தினமும் கரையில் போய் நிற்பான். எதிரே ஒரு மஞ்சள் சேலை கடுகளவு தெரியும். இவன் கையசைத்தால் அதுவும் அசையும். சண்டை போடக்கூட ஆளில்லாமல் வீடு ஊமையாகிக் கிடந்தது.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சபைக்கே போய்விட்டான்.

"மகாராஜா, என் பெண்டாட்டி முகம் மறந்துபோயிடும்போல இருக்கு. இவங்க பேச்சை ஒரு முடிவுக்குக் கொண்டுவாங்க."

ராஜா சிரித்தார். "நீதான் தரகனாயிற்றே. பொழுது சாய்வதற்குள் இவர்களைப் படியவை. முடியாவிட்டால் இனி பாலம் என்ற பேச்சே கிடையாது."

"எருமைக்கு விலை பேசுகிறவனுக்கு ராஜாங்க வேலையா?" என்றான் ஏகாம்பரம்.

"எருமை தேவலைண்ணே. பக்கத்துல நின்னு யாரும் உசுப்பேத்தலைன்னா அதுபாட்டுக்குத் தண்ணி குடிக்கும்."

கொம்பையன் இரு தலைவர்களையும் நடுவில் உட்காரவைத்தான். இருவர் வலக்கையையும் சேர்த்து, தோள் துண்டை மேலே போட்டு, தன் கையை அதன்மேல் வைத்தான்.

"சந்தையில விலையை வாயால சொல்லமாட்டோம் சாமி. துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சுத்தான் பேசுவோம். எத்தனை கால் கல்லுன்னு விரல்ல சொல்லுங்க. யார் இறங்கினது, யார் ஏறினதுன்னு வெளியே ஒருத்தனுக்கும் தெரியாது."

முதலில் துண்டு துள்ளியது. பொன்னம்பலராயர் முகம் சிவந்தது. தாண்டவனார் பல்லைக் கடித்தார். பிறகு துள்ளல் மெல்ல அடங்கியது. பேரம் படிந்துவிட்டது என்று கொம்பையனின் உள்ளங்கைக்குத் தெரிந்தது. ஆனால் உள்ளே கைகள் விலகவில்லை. ராஜா வரிசை பிரிப்பதற்கு முன் ஒரே வண்டியில் சபைக்கு வந்துபோனவர்கள் அவர்கள். தாண்டவனார் தலையைக் குனிந்துகொண்டார். பொன்னம்பலராயருக்குக் கண் கலங்கியிருந்தது.

"முடிந்ததா?" என்றார் ராஜா.

"இன்னும் பேசிட்டிருக்காங்க மகாராஜா" என்று பொய் சொன்னான் கொம்பையன். துண்டை அவன் எடுக்கவில்லை.

நெடுநேரம் கழித்து இருவரும் நிமிர்ந்தார்கள். "நடு ஆற்றில் ஆறு கால் கல். கரையோரம் நாலு மரம்" என்றார் பொன்னம்பலராயர். "ஆமாம்" என்றார் தாண்டவனார்.

ஏகாம்பரம் பதறினான். "அப்படியானால் தோற்றது யார்? வாசலில் நான் என்னவென்று கூவுவது?"

ராஜாவுக்கும் ஆவல். "சொல் தரகா, முதலில் இறங்கியது யார்?"

"தெரியும் மகாராஜா. சொல்லமாட்டேன். சொன்னா, நாளைக்கு இந்தத் துண்டுக்குள்ள ஒருத்தரும் கை நீட்டமாட்டாங்க."

ராஜா மடியிலிருந்த சால்வையைப் பார்த்தார். இத்தனை நாளும் எதற்குச் சால்வை போட்டோம் என்று முதல்முறையாகக் கூச்சமாக இருந்தது. "ஆறு கல், நாலு மரம். அதை மட்டும் கூவு, போ" என்று ஏகாம்பரத்தை அனுப்பினார். அவன் தொங்கிய முகத்தோடு போனான். சால்வையைக் கொம்பையன் தோளில் போட்டு, "வேறென்ன வேண்டும்?" என்று கேட்டார்.

"முதல் கல்லை இன்னைக்கே ஆத்தங்கரையில உடைக்கச் சொல்லுங்க. நான் கத்தினா அக்கரைக்குக் கேட்காது. சம்மட்டிச் சத்தம் கேட்கும். அவ புரிஞ்சுக்குவா."

பொழுது சாயுமுன் முதல் அடி விழுந்தது. எதிர்க்கரையில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த சீரங்காயி நின்றாள். இன்னொரு அடி விழுந்ததும் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.