எல்லார் முன்னாலும் ஒரு கேள்வி

அறவாழி தோற்றுப் பழகாதவர். இருந்த பள்ளிகளில் எல்லாம் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே வகுப்புகள் அடங்கிவிடும். அப்படிப்பட்டவர், பிரம்பே இல்லாமல் ஒரு பள்ளி நடக்கிறது என்று கேள்விப்பட்டு, அது எப்படி என்று கற்றுக்கொள்ள மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார். அந்தப் பள்ளியை நடத்திய மங்கையர்க்கரசி அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் எல்லாரையும்போல அவரும் 'அம்மா' என்றே அழைத்தார்.

கற்றுக்கொள்ள வந்தாரே ஒழிய, மனசுக்குள் நம்பிக்கை கிடையாது. இதெல்லாம் எத்தனை நாளைக்கு என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நாளும் வந்தது. அவர் பொறுப்பில் இருந்த ஒன்பதாம் வகுப்பில் சுடர்விழி என்றொரு பெண். ஆசிரியர் வராத நேரத்தில் பேசுகிறவர்கள் பெயரை வகுப்புத் தலைவி கரும்பலகையில் எழுதிவைப்பது வழக்கம். மறுபடி பேசினால் பெயர் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் விழும். அறவாழி உள்ளே நுழைந்தபோது சுடர்விழியின் பெயருக்குப் பின்னால் வானமே இறங்கியிருந்தது.

"எந்திரி. ஏன் பேசினே?"

அவள் எழுந்தாள்.

"உன்னத்தான் கேக்கறேன். இத்தனை பேரும் கேக்கட்டும், சொல்லு."

பதில் இல்லை.

"வாயத் திறக்காம நிக்கிறதுக்குப் பேரு திமிரு."

வகுப்பு சிரித்தது. சுடர்விழி விறுவிறுவென்று நடந்துபோய்த் தன் பெயரை அழித்தாள். அழித்த டஸ்டரை மேலே வீசியெறிந்தாள். டியூப்லைட் உடைந்து சிதறியது. நல்லவேளை, யார் தலையிலும் விழவில்லை.

"டி.சி. குடுத்து அனுப்பிடணும்மா" என்றார் அறவாழி, மங்கையர்க்கரசியின் அறையில்.

"அனுப்பினா எங்க போவா?"

"மில்லு வேலைக்கு அனுப்பிருவேன்னு அவங்கப்பா ஆபீஸ்லயே சொல்லிட்டுப் போனார். அது அவங்க பாடு."

"ஏன் பேசினாளாம்?"

"எல்லார் முன்னாலயும் வச்சுக் கேட்டுப் பாத்தாச்சு, வாயத் திறக்காம நிக்கிறதுக்குப் பேரு திமிருன்னும் சொல்லிப் பாத்தாச்சு. கல்லுப்பிள்ளையார் மாதிரி நிக்கிறா."

"நாளைக்கு ஆசிரியர் கூட்டத்துல முடிவு பண்ணுவோம்" என்றார் மங்கையர்க்கரசி.

மறுநாள் கூட்டம் ஒரு வகுப்பறையில் நடந்தது. அனுப்பிவிடுவோம் என்பதுதான் பெரும்பாலோர் பேச்சு. அறவாழிக்குப் பக்கத்தில் கணக்கு ஆசிரியர் தணிகாசலம் உட்கார்ந்திருந்தார். சர்க்கரை நோயாளி. திடீரென்று அவர் அறவாழியின் கையைப் பிடித்தார். முகம் வெளிறியிருந்தது. அறவாழி குனிந்து பார்த்தார். மனிதரின் பேன்ட் நனைந்திருந்தது.

"எந்திரிக்காதீங்க சார்" என்றார் அறவாழி மெல்ல. "எல்லாரும் போகட்டும். நான் இருக்கேன்."

நிமிர்ந்தபோது கரும்பலகையில் 'அறவாழி' என்று எழுதியிருந்தது. மங்கையர்க்கரசி சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"எழுந்திருங்க சார். ஏன் பேசினீங்க?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அறவாழி எழுந்தார். மேஜைக்கடியில் தணிகாசலம் பையை இழுத்து மடியை மறைத்துக்கொண்டார்.

"உங்களைத்தான் கேக்கறேன். எல்லாரும் கேக்கட்டுமே, சொல்லுங்க."

அறவாழி வாயைத் திறக்கவில்லை. காது மடல் சுட்டது. இந்த வயதில் இப்படியொரு அவமானமா! சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாம். ஒரே வார்த்தைதான். அதைச் சொல்வதைவிடச் செத்துப்போகலாம் என்றிருந்தது.

"வாயத் திறக்காம நிக்கிறதுக்கு என்ன பேரு சார்?"

அவர் கண் டஸ்டரைத் தேடியது. அது எங்கே இருக்கிறது என்று பார்த்தும்விட்டார். அப்போதுதான் அவருக்கு உடம்பு சில்லிட்டுப்போனது.

"போதும். மீதிய நாளைக்குக் கூட்டத்துல பேசுவோம். எல்லாரும் வகுப்புக்குப் போங்க" என்றார் மங்கையர்க்கரசி. எழுந்தவர்களை எல்லாம் முன்னால் விட்டு, தானும் திரும்பிப் பார்க்காமல் வெளியேறிக் கதவைச் சாத்தினார்.

தணிகாசலத்துக்கு மாற்று வேட்டி கொண்டுவந்து கொடுத்து, ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அறவாழி நேரே மைதானத்துக்குப் போனார். சுடர்விழி வாலிபால் கம்பத்துக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் தள்ளி அவரும் தரையில் உட்கார்ந்தார்.

"டஸ்டரை எறிஞ்சது தப்பு" என்றார். "யார் கண்ணுலயாவது கண்ணாடி குத்தியிருந்தா? அதுக்கு வகுப்புல எல்லார்கிட்டயும் நீ மன்னிப்புக் கேக்கணும். அதுல மாத்தமில்ல."

"கேக்கறேன் சார்."

"எல்லார் முன்னாலயும் வச்சு உன்னக் கேட்டது என் தப்பு. அதுக்கு அதே வகுப்புல நான் மன்னிப்புக் கேப்பேன். ஏன் பேசினேன்னு இனிமே கேக்கமாட்டேன்."

அவள் புல்லைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தானாகவே சொன்னாள்.

"பக்கத்துல இருந்தவளால நேத்து எந்திரிக்க முடியல சார். பொம்பளப் புள்ளைங்க சமாச்சாரம். எந்திரிக்காதடி, எல்லாரும் போகட்டும், நான் இருக்கேன்னு சொல்லிட்டிருந்தேன். அவ அழுதா, திரும்பத் திரும்பச் சொன்னேன்." நிமிர்ந்து பார்த்தாள். "யாருகிட்டயும் சொல்லமாட்டீங்கல்ல சார்?"

"மாட்டேன்" என்றார் அறவாழி.

மாலையில் மங்கையர்க்கரசியின் அறைக்குப் போனார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு டி.சி. வேண்டாம்மா. அவள அனுப்பறதா இருந்தா எனக்கும் சேர்த்து எழுதிருங்க."

"காரணம் சொன்னாளா?"

"சொன்னா."

"என்ன?"

"உங்ககிட்டயும் சொல்ல முடியாதும்மா."

மங்கையர்க்கரசி தலையசைத்தார்.

"காலையில நான் ஏன் பேசினேன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதான் கேட்டீங்களாம்மா?"

"தெரியாது. காரணமில்லாம நீங்க பேசமாட்டீங்கன்னு மட்டும் தெரியும்."

அறவாழி அப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"நாளைக்குக் கூட்டத்துல காரணம் என்னன்னு கேப்பாங்க. விடமாட்டாங்க. என்ன சொல்லட்டும்?"

"அந்தக் காரணம் இந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு பெரியவருக்குத் தெரியும்னு சொல்லுங்க. ஒரு பிள்ளைக்கு அது போதும்."