கீழ்க்கட்டம் வாங்கிய பச்சை டிக்

ஓர் இணையப் பக்கத்தில் அண்ணன் தம்பியாக இரண்டு கட்டங்கள் குடியிருந்தன. காது கேளாத பிள்ளைகளுக்கு இலவசமாக அறுவை சிகிச்சை செய்யும் முகாமுக்குப் பெயர் பதியும் பக்கம் அது. மேல்கட்டம் போன் நம்பரை வாங்கிக்கொள்ளும். கீழ்க்கட்டம் அதே நம்பரை மறுபடி வாங்கி அண்ணனோடு ஒத்துப் பார்க்கும். ஒத்துப்போனால் பச்சை டிக் விழும். இல்லாவிட்டால் சிவப்பு எழுத்து. சிவப்பு என்றாலே கீழ்க்கட்டத்துக்கு வேப்பங்காய்.

ஒருநாள் அமலோற்பவம் என்ற பெண் மகனை மடியில் வைத்துக்கொண்டு நம்பரைப் பதிந்தாள். இரண்டும் ஒத்துப்போயின. டிக் விழுந்ததும் கீழ்க்கட்டத்துக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லாவற்றையும் இன்னொரு தடவை பார்ப்போம் என்று அவள் மேலே போனபோது பையன் கையை இழுத்தான். மேல்கட்டத்தில் கடைசி எண் அழிந்தது. அவசரத்தில் மூன்றுக்குப் பதில் இரண்டைத் தட்டிவிட்டாள்.

"தம்பி, நான் மாறிட்டேன். ஒரு தடவை ஒத்துப் பாரு" என்றது மேல்கட்டம்.

"என்னைத் தொட்டாத்தான் நான் பாக்கணும். அதான் எனக்கு உத்தரவு. இப்ப யாரு தொட்டா?"

உத்தரவு என்னவோ உண்மைதான். ஆனால் நம்பர் ஒத்துப்போகாததைக் கீழ்க்கட்டம் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டது. டிக் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டது. சரியான நம்பர் அதன் வயிற்றுக்குள்தான் இருந்தது.

"எல்லாம் சரியா? அனுப்பிடவா?" என்று கேட்டது, அமலோற்பவம் கடைசியாகத் தட்டிய 'அனுப்பு' பொத்தான்.

"டிக்கைப் பாத்தாத் தெரியலையா?"

பொத்தான் அனுப்பிவிட்டது.

முகாமிலிருந்து மேல்கட்டத்து நம்பருக்குக் கூப்பிட்டார்கள். யாரோ எடுத்து, ராங் நம்பர் என்று வைத்துவிட்டார். பையனின் இடம் வேறொரு பிள்ளைக்குப் போனது.

பொத்தான் வந்து இதைச் சொன்னபோது கீழ்க்கட்டம் கூனிக் குறுகிப் போயிற்று. யாராவது நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது அதற்கு.

முகாம் முடிந்தபின், பதிந்த நம்பர் தப்பு என்று அங்கே கேட்டறிந்து, அமலோற்பவமும் அவள் கணவன் சூசையும் அந்தப் பக்கத்தைத் திறந்தார்கள். வசவு வரட்டும் என்று கீழ்க்கட்டம் காத்திருந்தது.

"இந்தப் பக்கத்துலதான் ஏதோ கோளாறு இருக்கும்" என்றான் சூசை.

"அதைக் குறை சொல்லாதீங்க" என்றாள் அவள். "அது சரியாத்தான் பச்சை காட்டுச்சு. பெத்த பிள்ளைக்கு ஒரு நம்பரை ஒழுங்காப் போடத் தெரியாத பாவி நான்தான்."