நேற்றுப் பிறந்த மூவர்

ஊசிப்பாறை விலக்கு என்ற ஊரில் தளவாய், பூலோகம், பிச்சைக்கண்ணு, இசக்கிமுத்து என்று நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேருக்கும் சேர்த்து அறிவு ஒன்றுதான். அதையும் கையில் வைத்துப் புழங்கினால் தேய்ந்துவிடும் என்று பரஞ்சோதியிடம் கொடுத்து வைத்திருந்தார்கள்.

பரஞ்சோதிக்குப் பஸ் நிறுத்தத்தில் ஜெராக்ஸ் கடை. அது பிழைப்புக்கு. மற்றபடி அவன் தொழில்நுட்ப நிபுணன். புதுப் போன் எது வந்தாலும் யாரிடமாவது இரவல் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டி, "இதுல ஒண்ணுமில்ல மக்களே" என்று சேனலில் வீடியோ போடுவான். சேனலுக்கு மொத்தம் பதினேழு பேர். நாலு பேர் இவர்கள். மிச்சப் பதின்மூன்றும் அவனே வேறு வேறு பெயரில் சேர்ந்தது. அந்தரங்கம் காக்க வேண்டும் என்பதற்காக நான்கு போன் வைத்திருந்தான். நான்கிலும் சிம் கிடையாது. தன்னை யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று பெருமையாகச் சொல்வான். வாஸ்தவம்தான். கூப்பிட்டுப் பேசவும் முடியாது.

நம் நால்வரும் முப்பதைத் தாண்டியவர்கள். ஊராட்சி நூலகத்தின் மாடி அறையில் "வீரவேங்கை மின்விளையாட்டு மன்றம்" என்று பலகை மாட்டி, நாலு வருஷமாக அங்கே கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஊராட்சித் தலைவி தங்கபுஷ்பம் ஒருநாள் மாடியேறி வந்தார். பால் சொசைட்டிக்கு இடம் இல்லாமல் கேன்கள் வெயிலில் காய்கின்றன, அடுத்த மாதம் மாவட்டப் போட்டியில் ஒரு கோப்பையாவது ஜெயித்து வந்தால் அறை உங்களுக்கு, இல்லையென்றால் கேன்களுக்கு என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

போட்டி என்பது திரையில் ஆடும் கால்பந்து. அணிக்கு மூன்று பேர். அவரவர் ஊரிலிருந்தே ஆடலாம். அதற்கு விளையாட்டுப் பெட்டி ஒன்று வேண்டும். பெட்டிக்கு ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டு, நால்வரும் பரஞ்சோதியிடம் போய்க் கைகட்டி நின்றார்கள்.

பரஞ்சோதி கண்ணை மூடி மூன்று விஷயம் சொன்னான். ஓ.டி.பி. வந்தால் உயிரே போனாலும் யாரிடமும் சொல்லக் கூடாது. எந்தப் பெட்டி கேட்டாலும் உண்மையான பிறந்த தேதியைக் கொடுக்கக் கூடாது. ரகசிய எண் வைத்தால் அதை யாராலும், சொந்த மூளையாலும்கூட, யூகிக்க முடியாதபடி வைக்க வேண்டும்.

நாலாம் நாள் பெட்டி வந்தது. கொண்டுவந்தவர் மரியசூசை என்ற கூரியர்காரர். போனுக்கு வந்திருக்கும் நாலு நம்பரைச் சொன்னால் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவேன் என்றார். தளவாய் வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். மரியசூசை பெட்டியோடு திரும்பினார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள், இன்றும் வாங்காவிட்டால் பெட்டி அனுப்பிய இடத்துக்கே போய்விடும் என்றார். அவரை வெயிலில் நிறுத்திவிட்டு மன்றம் கூடியது.

"சொல்லக் கூடாதுன்னுதான் அண்ணன் சொல்லியிருக்காரு," என்றான் பூலோகம். "அவரா கண்டுபிடிச்சா நாம என்ன செய்ய முடியும்?"

"அது நம்ம குத்தத்துல சேராது," என்றான் பிச்சைக்கண்ணு.

ஆக, மரியசூசை யூகிக்க வேண்டியது. அவர் ஒரு எண்ணைச் சொல்வார். அது குறைவாக இருந்தால் தளவாய் வானத்தைப் பார்ப்பான். கூடுதலாக இருந்தால் தரையைப் பார்ப்பான். சரியாக இருந்தால் கண்ணை மூடிக்கொள்வான். வாய் மட்டும் திறக்கவே இல்லை. இருபது நிமிஷத்தில் நாலு எண்ணும் கிடைத்துவிட்டன. மரியசூசை அவற்றைத் தன் போனில் தட்டிவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி பெட்டியை நீட்டினார்.

பெட்டியை வாங்கிய பிறகுதான் இசக்கிமுத்துவுக்கு உறைத்தது. "ஏல, நாம யாருக்குமே சொல்லாத நம்பரை இந்த ஆளு இருபது நிமிஷத்துல எடுத்துட்டாரு. இவரு லேசுப்பட்ட ஆளா?"

நால்வரும் மரியசூசையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஹேக்கர் ஒருவன் கையில் சிக்கியிருக்கிறான். அவர் பொறுமையாகத்தான் சொன்னார்: "நீங்கதானே அண்ணாச்சி மேலயும் கீழயும் பாத்தீங்க."

"எங்க கண்ணு, நாங்க எங்கே வேணாலும் பாப்போம்," என்றான் தளவாய். "அதை நீரு ஏன்வே பாத்தீரு?"

இன்னும் முப்பத்தொரு வீடு பாக்கி இருந்ததால் மரியசூசை வாதாடவில்லை. இனி எவர் கண்ணையும் பார்க்க மாட்டேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அவர் குனிந்த தலை நிமிராமல் வண்டி ஓட்டி, தளவாயின் சைக்கிள் மீதே இரண்டு முறை மோதினார்.

பெட்டியை டிவியோடு இணைத்தார்கள். ஆடப்போகிற மூன்று பேரின் பெயரையும் கேட்டது, கொடுத்தார்கள். அடுத்துப் பிறந்த தேதி கேட்டது. நால்வரும் ஒருவரை ஒருவர் அர்த்தத்தோடு பார்த்துக்கொண்டார்கள். பொய்த் தேதி வேண்டும். ஆனால் எந்தத் தேதியைச் சொன்னாலும் அது யாருக்காவது உண்மையாகிவிடலாமே என்று பூலோகம் பயந்தான். நெடுநேரம் யோசித்து, தங்களில் எவரும் நிச்சயமாகப் பிறக்காத தேதி ஒன்றைப் பிச்சைக்கண்ணு கண்டுபிடித்தான். அன்றைய தேதி. மூன்று பேருக்கும் அதே ஆகஸ்ட் பத்தொன்பதைக் கொடுத்தார்கள்.

பெட்டி வாழ்த்துச் சொல்லியது. பிறகு, இவ்வளவு சின்னக் குழந்தைகள் தனியாக ஆட முடியாது, அப்பாவோ அம்மாவோ வர வேண்டும் என்றது.

அப்பா யார் என்று பெரிய விவாதம் நடந்தது. தளவாய் தனக்கு மீசை இருப்பதைக் காட்டினான். பூலோகம், தான் எல்லாரையும்விட ஒரு வயது மூத்தவன் என்றான். இரண்டு நிமிஷத்துக்கு முன்புதான் மூவரும் ஒன்றாகப் பிறந்தார்கள் என்பதைப் பிச்சைக்கண்ணு நினைவூட்டியதும் அடங்கினான். கடைசியில், ஆட்டத்தில் சேராதவனும் நிஜமாகவே இரண்டு பிள்ளை பெற்றவனுமான இசக்கிமுத்து அப்பா ஆனான்.

இசக்கிமுத்து வீட்டில் அவன் பேச்சை மகளும் கேட்டதில்லை, மகனும் கேட்டதில்லை. கோழிகூட அவன் மனைவி கூப்பிட்டால்தான் வரும். இங்கே, குழந்தைகள் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஆடலாம் என்று ஒரு பெட்டி அவனைப் பார்த்து மரியாதையாகக் கேட்கிறது. அவனுக்கு நெஞ்சு விம்மியது. அரை மணி நேரம் என்று போட்டான். அதைப் பூட்ட ரகசிய எண் கேட்டது. பரஞ்சோதி சொன்னது ஞாபகம் இருந்ததால் கண்ணை இறுக மூடிக்கொண்டு முழங்கையால் அழுத்தினான். இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் முழங்கை எப்படியோ ஒரே இடத்தில் விழுந்தது. முட்டாளுக்கும் ஒரு நேரம் வாய்க்கும்.

தினம் அரை மணி நேரம் மூவரும் ஆடிப் பழகினார்கள். நேரம் முடிந்ததும் இசக்கிமுத்து கைகழுவச் சொல்வான்; கழுவினார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆட்டம் நன்றாகவே வந்தது.

போட்டி சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. எதிரணி மேலக்கரைக்காரர்கள். ஜெயித்தால் கோப்பை. தங்கபுஷ்பமும் பால் சொசைட்டி செயலாளரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டம் நாற்பது நிமிஷம். இருபத்தொன்பதாவது நிமிஷத்தில் நம் ஆட்கள் இரண்டு கோல் முன்னால் இருந்தார்கள். செயலாளர் முகம் வாடிப்போய்க் கேன்களை வேறு எங்கே வைப்பது என்று தலைவியிடம் கேட்கத் தொடங்கியிருந்தார்.

முப்பதாவது நிமிஷம் திரை நீலமானது. "இன்றைய நேரம் முடிந்தது குட்டீஸ். அப்பாவிடம் கேளுங்கள்," என்று வந்தது.

மூவரும் திரும்பி இசக்கிமுத்துவைப் பார்த்தார்கள்.

"அரை மணின்னா அரை மணிதான்," என்றான் இசக்கிமுத்து. "ஒரு நாள் விட்டுக்கொடுத்தா அப்புறம் தலையில ஏறிருவீங்க."

"பத்தே நிமிஷம்ப்பா," என்றான் தளவாய். அவனுக்கு முப்பத்தாறு வயது.

பூலோகத்துக்கு நிஜமாகவே கண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் பெற்ற மனம் இளகியது. சரி, இன்று ஒரு நாள் மட்டும் என்று இசக்கிமுத்து பெட்டியின் முன் உட்கார்ந்தான். அது எண்ணைக் கேட்டது. அவனுக்குத் தெரியவில்லை. தெரியாதபடிதானே வைத்திருந்தான். கண்ணை மூடி முழங்கையால் பதினொரு முறை அழுத்திப் பார்த்தான். பெட்டி முழுதாகப் பூட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் மேலக்கரைக்காரர்கள் ஆளில்லாத வலையில் ஏழு கோல் போட்டார்கள். எட்டாவதைப் போட அவர்களுக்கே வெட்கமாக இருந்ததாம்.

பரஞ்சோதிக்குப் போன் போட வழியில்லை என்பதால் பிச்சைக்கண்ணு ஓடிப் போய்க் கூட்டிவந்தான். பரஞ்சோதி பெட்டியை ஆராய்ந்தான். அப்பாவின் அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பினால் பூட்டைத் திறந்துவிடுவதாக அது சொன்னது.

"பாத்தீங்களா," என்றான் பரஞ்சோதி. "இத்தனை நாளும் நல்லவன் மாதிரி இருந்துட்டு, கடைசியில எதைக் கேக்குது பாருங்க. குடுத்திராதீங்க. பிள்ளைங்களுக்குப் பதிமூணு வயசு ஆனா தன்னால திறந்துக்கும்."

பதின்மூன்று வருஷம்தானே என்று நால்வருக்கும் உயிர் வந்தது. மன்றத்தின் தகவல்கள் ஒன்றுகூட வெளியே போகவில்லை என்று பரஞ்சோதி அன்றே வீடியோ போட்டான். பதினேழு பேரும் பார்த்தார்கள். மறுநாள் காலையில் அறை வெளியே போய்விட்டது. கேன்கள் மாடியேறின.

நால்வரும் மனம் தளரவில்லை. பெட்டியை இசக்கிமுத்து வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். வருகிற ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி மூவருக்கும் முதல் பிறந்தநாள். மலைக்கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதாகப் பத்திரிகை அடித்தாகிவிட்டது. தாய்மாமன் என்ற முறையில் இசக்கிமுத்துவின் மச்சான் திருப்பூரிலிருந்து வருகிறான். மூவரையும் மடியில் உட்கார வைக்க வேண்டும் என்று மட்டும் அவனிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.

பிரச்சினை ஒன்றே ஒன்றுதான் வந்தது. பிச்சைக்கண்ணுவுக்கு ஏற்கெனவே இரண்டு காதும் குத்தியிருந்தது. அவனுக்கு மறுபடி குத்துவதா வேண்டாமா என்று ஒரு பகல் முழுக்கப் பேசினார்கள். முடிவை இசக்கிமுத்துதான் சொன்னான்.

"அது பிள்ளை பிறக்கிறதுக்கு முன்னாடி குத்தினது. செல்லாது."