அங்குச்சாமி வீட்டுச் சாமந்திக்கீரை

மேல்கூம்பூரில் முட்டாள்களே கிடையாது என்று வெளியூரில் யாராவது சொன்னால் எங்களுக்குக் கோபம் வரும். இருப்பதை ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும்?

அந்த மலையூரில் அங்குச்சாமிக்கு ஒரே ஆசை, செண்பகவல்லியைக் கட்டிக்கொள்வது. அவளுடைய அப்பா நல்லமாயன் காய்கறித் தோட்டம் போடுகிறவர். பெண் கேட்டு வந்தவன் கையில் ஒரு பொட்டலம் விதையைக் கொடுத்தார். பூவுக்கு இல்லை, தழையைப் பறித்துச் சமைக்கிற சாமந்திக்கீரை.

"பனி போனதும் விதைக்கணும். மறுபடி பனி வர்றதுக்குள்ள எடுத்துரணும். ஒரு பாத்தி முளைக்க வெச்சுக் காட்டு, பொண்ணு தர்றேன்" என்றார்.

அது தை மாசம். விடிந்தால் உறைபனி தோட்டமெல்லாம் உப்புக் கொட்டினது போலக் கிடக்கும். வெயில் ஏறினால் இருந்த இடம் தெரியாது. அங்குச்சாமி வரப்பிலேயே காத்திருந்தான். கூடவே சித்தப்பா வீரணனும் மச்சான் ராக்கப்பனும்.

"பனி போயிருச்சு மாப்ள, விதைச்சிரு!" என்றான் ராக்கப்பன்.

"இருங்கடா" என்றார் வீரணன். "போறேன்னு போச்சா, போயிட்டு வர்றேன்னு போச்சா?"

மூவரும் யோசித்தார்கள். பனி யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

"சொல்லாமப் போச்சுன்னா கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கு. இனி வராது" என்று வீரணன் தீர்ப்புச் சொன்னார். விதைத்தார்கள்.

சாயங்காலம் குளிர் ஏறியது. "சித்தப்பா, கோவம் தணிஞ்சிருச்சு போல, திரும்பி வருது!" என்று அலறினான் அங்குச்சாமி. அதற்குள் எடுத்துவிட வேண்டுமே! விதையோ பொடிப்பொடி. பொறுக்கிப் பார்த்துவிட்டு, பாத்தி மண்ணையே கூடை கூடையாக வாரி வீட்டுக்குள் கொட்டினார்கள். மறுநாள் பனி போனதும் மண் வெளியே போனது, மாலையில் உள்ளே வந்தது. தினமும் இதே கதை. விவசாயம் இவ்வளவு கஷ்டம் என்று தெரிந்திருந்தால் தையல்காரர் மகளை விரும்பியிருக்கலாமே என்று அங்குச்சாமிக்கு அழுகையே வந்தது.

கடைசியில் ராக்கப்பனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. தூக்க ஆளில்லாமல் மண் வாசலிலிருந்து அடுப்படி வரை அப்படியே கிடந்தது. அடுப்புச் சூட்டில் ஒரு நாள் வீடு முழுக்கப் பச்சென்று முளைத்துவிட்டது.

அங்குச்சாமி குதிக்கப் போனான். வீரணன் அவன் காலைப் பிடித்துக்கொண்டார். "மிதிச்சிராதடா! உன் கல்யாணமே காலடியில கெடக்கு!"

அதுவும் நியாயம்தான். பாய், பானை, கம்பளியோடு மூவரும் தோட்டத்துக்குக் குடிபோனார்கள்.

சேதி கேட்டு நல்லமாயன் ஒரு காலையில் வந்தார். தோட்டத்தில் மூன்று பேர் தலையெல்லாம் வெள்ளையாக நடுங்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். வாசற்படியிலிருந்து அடுப்பு வரை கீரை.

"முளைக்க வெச்சுட்ட. சொன்ன சொல்ல மாத்த மாட்டேன்" என்றார் பெருமூச்சோடு. "ஆனா வீடெல்லாம் கீரையா இருக்கு, எம் பொண்ணு வந்தா எங்கடா இருப்பா?"

அங்குச்சாமிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அதை யோசிக்காம இருப்பேனா மாமா? அவளுக்குன்னு தனிப் பாத்தி கட்டி, எரு போட்டு, தண்ணியும் பாய்ச்சி வெச்சிருக்கேன்."