கன்னத்தில் ஒரு கறை

"டீச்சர், முகம் வரமாட்டேங்கு."

பிச்சைக்கனி இதைச் சொன்னபோது ஒரு காலில் இன்னும் செருப்பு இருந்தது.

அமலி தூத்துக்குடியில் போட்டோ பிரிண்ட் போடக் கற்றுக்கொடுப்பவள். கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறவர்கள்தான் அவளிடம் வருவார்கள். கேட்ட கேள்விக்கு ஒரு வரியில் பதில் கிடைத்தால் அவர்களுக்கு அன்றைக்கு நல்ல நாள்.

பிச்சைக்கனிக்கு அவளுடைய அப்பா வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு ஒரு பிரிண்டர் வாங்கி, அதோடு தனியாக மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, முடியாமல் சிஷ்யனாக வந்து சேர்ந்திருந்தார்.

"மத்ததெல்லாம் வருதா அண்ணாச்சி?"

"எல்லாம் வருது. சேலைச் சரிகை வருது. தலையில வச்ச பூவை ஒவ்வொண்ணா எண்ணிரலாம். பின்னால கிடக்க பிளாஸ்டிக் சேர்கூட அம்சமா வருது. கன்னத்துல மட்டும் கறை."

படத்தை நீட்டினார்.

மாலையும் கழுத்துமாக ஒரு பெண். வாய் சிரித்தது. கண் வேறு எங்கேயோ பார்த்தது. இடது கன்னத்தில் மை தீற்றிக் கிடந்தது.

"யாரு?"

"என் மக பொன்மலர். கல்யாணப் படம். என் தங்கச்சி போயிருந்தா. அவதான் போன்ல அனுப்பினா."

"நீங்க?"

"போகல."

அமலி அதற்கு மேல் கேட்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைப் பிடித்துப் பார்த்தாள். எந்தப் படத்தையும் அவள் அங்கே வைத்துத்தான் பார்ப்பாள்.

"நல்லதா ஒண்ணு போட்டு வீட்டுல மாட்டிரணும் டீச்சர். வேற ஆசை கிடையாது எனக்கு."

"என்ன பேப்பர்?"

"பளபளன்னு இருக்குமே, அது."

"அது என்ன பேப்பர்னு பிரிண்டர்கிட்டச் சொன்னீங்களா?"

"அதுகிட்ட எதுக்குச் சொல்லணும்? வாயிக்குள்ளதான போகுது. அதுக்கே தெரியாதா?"

"தெரியாது. நீங்க சொல்லாட்டா சாதா பேப்பர்னு நினைச்சுக்கிடும்."

செட்டிங்கில் அதை எங்கே மாற்ற வேண்டும் என்று காட்டினாள். க்ளாஸி என்று வைக்கச் சொன்னாள். தரம் என்ற இடத்தில் உயர்ந்ததை வைக்கச் சொன்னாள்.

அவர் போனார்.

திரும்பி வந்தார்.

"டீச்சர், மூக்குத்திக் கல்லு மின்னுது. ஆனா கறை போகல."

"மேட் பேப்பர் வாங்குங்க. அது மையை உறிஞ்சிக்கிடும்."

"வாங்கிட்டேன். கடைக்காரன் சொன்னான். ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கு. எந்தப் பக்கம் போட?"

"விரலை நாக்குல தொட்டு மூலையில வைங்க."

வைத்தார். ஒரு பக்கம் விரலைப் பிடித்து இழுத்தது. மறுபக்கம் விட்டுவிட்டது.

"பிடிக்கிற பக்கத்துல போடுங்க."

பக்கம் மாற்றிப் பேப்பர் வைத்துப் படத்தைப் பாழாக்குவது, புதிதாகப் பிரிண்டர் வாங்கியவர்களில் பாதிப் பேர் செய்கிற காரியம். மீதிப் பேர் செய்துவிட்டு வெளியே சொல்வதில்லை. பிச்சைக்கனி கேட்டார். கேட்கிற சிஷ்யனை அமலிக்குப் பிடிக்கும். அதையும் அவள் சொல்ல மாட்டாள்.

அவர் மறுபடி வந்தபோது கை நிறையப் படங்கள்.

"கறை குறைஞ்சிருக்கு. போகல. மை மாத்திட்டேன். ஹெட் கிளீன் பண்ணிட்டேன். பெருசாப் போட்டேன், சிறுசாப் போட்டேன், ஒருக்களிச்சும் போட்டுப் பாத்துட்டேன். பிள்ளை முகத்தை ஒரு தடவையாவது முழுசாப் பாக்க விடமாட்டேங்கு அந்த மெஷினு."

அமலி எல்லாப் படத்தையும் மேசையில் பரப்பினாள்.

பெரிய படத்தில் கறை நடுவில் இருந்தது. சிறிய படத்தில் ஓரத்தில் இருந்தது. ஒருக்களித்த படத்தில் கீழே இருந்தது.

எல்லாவற்றிலும் கன்னத்தில் இருந்தது.

வெகுநேரம் பார்த்தாள்.

"மெஷினுக்குக் கன்னம் எதுன்னு தெரியாது அண்ணாச்சி."

"அப்படின்னா?"

"பிரிண்டரைத் தூக்கிட்டு வாங்க."

ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். மடியில் துண்டை விரித்து அதன்மேல் பிரிண்டரை வைத்திருந்தார். ஆட்டோக்காரர் பள்ளத்தில் இறக்கும்போதெல்லாம் அவரிடம் சண்டை பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

அமலி அந்தப் பிரிண்டரில், அந்தப் பேப்பரில், அதே படத்தைப் போட்டாள். வெளியே வந்த தாளின் இரண்டு ஓரத்தையும் பிடித்து மேசையில் வைத்தாள்.

கறை இல்லை.

பிச்சைக்கனி மூச்சு விடாமல் குனிந்து பார்த்தார்.

"உங்க கைராசி டீச்சர்."

"இப்ப நீங்க போடுங்க."

அவர் போட்டார். பிரிண்டர் உறுமியது. தாள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. முதலில் பூ வந்தது. பிறகு நெற்றிச்சுட்டி, புருவம், கண்.

அமலி படத்தைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கறை இருந்தது.

"பாத்தீங்களா? நான் போட்டாத்தான் இப்படி. எனக்குன்னு வந்து வாய்க்குது பாருங்க."

"இன்னொண்ணு போடுங்க. போட்டுட்டுக் கையைப் பின்னால கட்டிக்கிடுங்க."

கட்டிக்கொண்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல நின்றார்.

பூ வந்தது. நெற்றிச்சுட்டி வந்தது. கண் வந்தது.

கன்னம் வந்தது.

"அண்ணாச்சி, கை."

அவர் குனிந்து பார்த்தார். வலது கை முன்னால் வந்திருந்தது. பெருவிரல் ஈரம் காயாத கன்னத்தின்மேல் இருந்தது. அது எப்போது அங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை.

விரலைத் திருப்பிப் பார்த்தார். மை.

"இங்க் ஊத்தும்போது பட்டதுன்னு நினைச்சேன்."

பெருவிரலைத் துண்டில் துடைத்தார்.

"தினமும் படுதேன்னு யோசிச்சேன்."

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்னப் பிள்ளையில அவளுக்குக் காய்ச்சல்னா கன்னத்துலதான் தொட்டுப் பாப்பேன். கிரேன்ல கிடந்த கை. மத்த விரலெல்லாம் காய்ப்புக் காச்சி மரத்துப்போச்சு. இது ஒண்ணுலதான் சூடு தெரியும்."

வெளியே யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள். அது கிளம்பவில்லை.

"என் முகத்துலயே முழிக்காதன்னு சொன்னது நான்தான் டீச்சர். அவ கேட்டுக்கிட்டா. எப்பவும் சொன்ன பேச்சு கேக்க பிள்ளை. மாப்பிள்ளை விஷயத்துல மட்டும்தான் கேக்கல."

"இப்ப எங்க இருக்கா?"

"கோயம்புத்தூர்ல. போன மாசம்கூட என் தங்கச்சிகிட்ட, அப்பா மாத்திரை போடுதாரான்னு கேட்டாளாம்."

கறை பட்ட படங்களை ஒன்றாக அடுக்கினார்.

"மனசு கிடந்து தேடுது டீச்சர். சோறு எறங்க மாட்டேங்கு. அதான் படமாவது இருக்கட்டும்னு பாத்தேன்."

அமலி தான் போட்ட படத்தை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இது நல்லாருக்கு. மை முழுசாக் காயிறவரைக்கும் தொடாதீங்க. நாளைக்கு மாட்டிரலாம்."

பிச்சைக்கனி அதைப் பார்த்தார். கன்னம் சுத்தமாக இருந்தது. கை தானாக எழுந்தது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

"என்னால முடியாது டீச்சர். மாட்டினாலும் கண்ணாடிக்கு மேலதான் தடவணும்."

"ம்."

"தொட்டா அழியாத பேப்பர் ஒண்ணு இருக்குமே. அதைச் சொல்லுங்க. சிவகாசியில கெடச்சாலும் சரி, மெட்ராஸ்ல கெடச்சாலும் சரி. எவ்வளவு தூரம்னாலும் போறேன்."

அமலி பிரிண்டரை அணைத்தாள்.

"எவ்வளவு தூரம்னாலும் போவீங்களா?"

"போவேன்."

"கோயம்புத்தூர் போவீங்களா?"